கொண்டைக்கடலைக் காட்டில் ஒரு தாய்மாமன்

தேவேந்திரனுக்குக் கால் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பருவம் முழுவதும் அவர் இடது காலை நொண்டிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது. பயறுவகை மரபுவளப் பேராய்வு நிலையம் அப்படி விரும்பியது. நிலையம் ஒன்றை விரும்பிவிட்டால் அது கால் என்றும் கை என்றும் பார்ப்பதில்லை.

சீவலப்பேரிக்கு வடக்கே, ஆற்றுத் தண்ணீர் ஏறாத மேட்டில் தேவேந்திரனுக்குக் கொஞ்சம் கரிசல் காடு இருந்தது. மழையை நம்பி உளுந்தோ பாசியோ போடுவார். வந்தால் வந்தது, போனால் போனது. அந்த ஐப்பசியில் ஒரு ஜீப் வந்து வரப்போரம் நின்றது. அதிலிருந்து நிலையத்தின் இயக்குநர் முனைவர் அருணாசலம் இறங்கினார். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, முகர்ந்து பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு, "இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்" என்றார். மண்ணை முகர்ந்து பார்க்கிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது அப்போது தேவேந்திரனுக்குத் தெரியாது.

கேட்ட விஷயம் நியாயமாகத்தான் இருந்தது. கொண்டைக்கடலையில் எத்தனையோ வகை உண்டு. ஒன்று சீக்கிரம் பூக்கும், ஒன்று தாமதிக்கும். ஒன்று கிளை கிளையாகப் படர்ந்து காயே பிடிக்காது, இன்னொன்று ஒல்லியாக நின்று கொத்துக் கொத்தாகக் காய்க்கும். ஊர் ஊராகச் சேகரித்த விதைகளை வரிசைக்கு ஒரு வகையாக அந்தக் காட்டில் ஊன்றி, அதிகம் காய்க்கிற குணம் பிறப்பிலேயே வருகிறதா, வளர்ப்பில் வருகிறதா என்று பார்க்க வேண்டுமாம். விதை இலவசம், விளைவதும் தேவேந்திரனுக்கே. ஒரே ஒரு நிபந்தனை. ஆய்வின் நடுவே சூழல் கெட்டுப்போனால் பயிரை அப்படியே உழுது மடக்கிவிடுவார்கள். சூழல் என்றால் மழை, வெயில் என்று நினைத்துக்கொண்டு தேவேந்திரன் தலையை ஆட்டினார்.

விதைப்புக்கு முந்தின நாள் காட்டுக்குள் சாமியானா போட்டுக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். காற்றில் விளக்கு அணைந்து அணைந்து போனதால் ஏற்றியதாக அறிவித்தார்கள். பிறகு இயக்குநர் பேசினார்.

"ஒரு செடி நிறையக் காய்க்கிறது. பக்கத்துச் செடி கொஞ்சமாகக் காய்க்கிறது. யார் குற்றம்? விதையின் குற்றமா, சூழலின் குற்றமா? சூழல் மாறிக்கொண்டே இருந்தால் விதையை எப்படிக் கையும் களவுமாகப் பிடிப்பது? ஆகவே அன்பர்களே, சூழலை அசையாமல் நிறுத்துவோம். மழையை நம்மால் நிறுத்த முடியாது. வெயிலை நிறுத்த முடியாது. காற்றை நிறுத்த முடியாது." இங்கே கொஞ்சம் தண்ணீர் குடித்தார். பிறகு முன்வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருந்த தேவேந்திரனை அன்போடு பார்த்தார். "தேவேந்திரனை நிறுத்தலாம்!"

பலத்த கைதட்டல். தேவேந்திரனும் தட்டினார்.

மறுநாள் விதைப்பு. களப் பதிவாளர் பெருமாள்ராஜ் என்கிற இளைஞர் குடையும் கைக்கணினியுமாக வந்து வரப்பில் நின்றுகொண்டார். அன்று காலையில்தான் தேவேந்திரன் குதிகாலில் உடைமுள் ஒன்று ஏறியிருந்தது. பச்சைக் கட்டம் போட்ட பழைய கைலிச் சாரம் ஒன்றைக் கட்டியிருந்தார். கஞ்சி கொண்டுவந்த மனைவி ஆறுமுகத்தாய், "முள்ளு குத்துனா ஒக்காந்து எடுக்கப்படாதா? சின்னப்புள்ளயா நீங்க? இதுல சால்வ வேற கேக்குது!" என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். பெருமாள்ராஜ் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பதிந்துகொண்டார்.

அடுத்த நாள் முள்ளை எடுத்துவிட்டு தேவேந்திரன் நேராக நடந்து வந்தார். பெருமாள்ராஜ் குடையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, என்ன நேரா நடக்குதிய?"

"முள்ள எடுத்தாச்சுல்லா."

"கெடுத்தீகளே காரியத்த! நேத்து நொண்டி நடந்தீக. செடிக்கு உங்க காலடி அப்படித்தான் பழக்கம். இன்னிக்கு நேரா நடந்தா சூழல் மாறிப்போவும். பைய நொண்டுங்க."

"தம்பி, வெத இன்னும் மொளைக்கவே இல்லியேவே?"

"அதுக்குள்ள மாறலாமா? நல்லா இருக்கே!"

தேவேந்திரன் நொண்டினார். காட்டின் வாசலில் அன்றே ஒரு டிராக்டர் கொண்டுவந்து நிறுத்தப்பட்டது. அதன் டிரைவர் பருவம் முழுவதும் அதற்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். சூழல் கெட்டால் உடனே உழுவதற்கு ஆள் தயாராக இருக்க வேண்டுமல்லவா.

காட்டைச் சுற்றிக் கம்பிவலை போட்டு ஒரு கதவும் வைத்தார்கள். ஆடு வராமல் இருக்க என்று சொன்னார்கள். காலையில் தேவேந்திரன் உள்ளே போனதும் கதவைப் பூட்டுவார்கள், பொழுது அடைந்ததும் திறப்பார்கள். ஆடு உள்ளே வராமல் இருப்பதற்காகப் பூட்டுவதைவிட ஆள் வெளியே போகாமல் இருப்பதற்காகப் பூட்டுவதுதான் அதிகம் என்பது சில நாளில் தெரிந்தது. சாரம் கிழிந்தபோது நிலையம் அதே பச்சைக் கட்டத்தில் இன்னொன்று வாங்கித் தந்து, பழையது கிழிந்திருந்த இடத்திலேயே பிளேடு வைத்துக் கிழித்தும் கொடுத்தது. தலைமுடி கொஞ்சம் வளர்ந்தாலும் நாவிதரைக் கூட்டிவந்து விதைப்பு நாளின் போட்டோவைக் காட்டி வெட்டச் சொன்னார்கள். பொங்கலுக்கு மறுநாள் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்துவிட்டு, பெருமாள்ராஜ் வருத்தத்தோடு, "கரும்பு கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு அண்ணாச்சி" என்றார். ஏறினது இறங்குகிற வரைக்கும் மத்தியானச் சோறு கிடைக்கவில்லை.

ஆறுமுகத்தாய் பாடு இன்னும் மோசம். விதைப்பு நாளில் வரப்பில் நின்று திட்டினாள் அல்லவா, அதுவும் சூழலில் சேர்ந்துவிட்டது. தினமும் அதே நேரத்துக்குக் கஞ்சி கொண்டுவந்து, அதே இடத்தில் நின்று, அதே திட்டைத் திட்ட வேண்டும். அவளுக்காகக் கதவு திறக்கப்படும், திட்டி முடித்ததும் பூட்டப்படும். முதலில் அவளுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. அரசாங்கமே கதவைத் திறந்துவைத்துப் புருஷனைத் திட்டச் சொல்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? ஆனால் மார்கழிக் குளிரில் மனுஷன் பொய்க்கு நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கோபம் வற்றிப்போய்விட்டது.

ஒருநாள் கஞ்சித் தூக்கை நீட்டிவிட்டு, "சாப்பிடுங்க, எளைச்சிப் போயிட்டிய" என்று சொல்லிவிட்டாள்.

பெருமாள்ராஜுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, பாசம் வேண்டாம்க்கா! செடியெல்லாம் பூ எடுக்குத நேரம். 'சின்னப்புள்ளயா நீங்க'ன்னு ஆரம்பிங்க."

"சின்னப்புள்ளயா நீங்க..." என்று ஆரம்பித்தவளுக்கு மேலே வரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெருமாள்ராஜ் அவசரமாக அதற்கு ஒரு குறியீடு தேடினார்.

இத்தனைக்கும் நடுவில் கடலை விளைந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கரிசலில் ஈரம் நின்று, தை பிறந்ததும் காட்டில் ஒரு செடிகூடச் சும்மா நிற்கவில்லை. நெட்டையும் குட்டையுமாக, சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் போய், வரிசை வரிசையாகப் பொதிந்த காய். தேவேந்திரன் தம் வாழ்நாளில் அந்தக் காட்டில் அப்படி ஒரு விளைச்சலைப் பார்த்ததில்லை. அதனாலேயே அவர் மேலும் நன்றாக மாட்டிக்கொண்டார். வெறும் காடாக இருந்தால் உழுதுட்டுப் போங்கவே என்று சாரத்தை உதறிவிட்டு வந்திருப்பார். காய் பிடித்து நிற்கிற பயிரை டிராக்டர் மடக்குவதை எந்தச் சம்சாரியாலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அப்போதுதான் உடன்குடியிலிருந்து போன் வந்தது. அவருடைய ஒரே தங்கை தனலட்சுமி.

"அண்ணே, தை கடைசி முகூர்த்தத்துல நம்ம முத்துராணிக்கு மொட்டை போட்டுக் காது குத்துதோம். நீ முந்துன நாளே வந்துரணும்."

தனலட்சுமிக்குக் கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லை. அவள் ஏறி இறங்காத கோயில் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. அந்தக் காலமெல்லாம் அவள் கேட்க வேண்டிய பேச்சுகளைக் கேட்டுக்கொண்டு, சபையில் எழுந்து நின்று பதில் சொன்னவர் தேவேந்திரன். கடைசியில் பிறந்த ஒரே பிள்ளை முத்துராணி. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் மடி இல்லாமல் குத்தினால் அந்தப் பிள்ளைக்குத் தாய்வீடு இல்லை என்று ஊருக்குச் சொன்னது மாதிரி ஆகிவிடும். ஒரு வயது முடிவதற்குள் குத்தாமல் விட்டால் பிறகு மூன்று வயதில்தான்.

"வாரேம்ட்டி" என்று சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே பெருமாள்ராஜிடம் போனார்.

"தாராளமாப் போய்ட்டு வாங்க அண்ணாச்சி" என்றார் பெருமாள்ராஜ். "ஆனா அன்னிக்கு இங்கனயும் இருக்கணும்."

"அது எப்படிவே முடியும்?"

"அதான் எனக்கும் தெரியல. மேல கேப்போம்."

மேலே கேட்டார்கள். மேலே ஒரு குழு போட்டார்கள். தேவேந்திரன் காட்டைவிட்டு வெளியே போக முடியாது, குழு உள்ளே வந்தால் சூழல் கெடும். ஆகையால் கம்பிவலைக்கு வெளியே நாற்காலி போட்டு, குழு கூடியது. வலைக்கு உள்ளே தேவேந்திரன் நின்றார். இயக்குநர் நடுவில் இருந்தார். பக்கத்தில் பாளையங்கோட்டைக்காரரான புள்ளியியல் அலுவலர் ஸ்வீட்லின், மடியில் ஒரு தடித்த விதிப்புத்தகத்தோடு. எல்லோருக்கும் முந்திரிப் பருப்பு வந்தது. கொண்டைக்கடலை நிலையத்தில் யாரும் சுண்டல் சாப்பிட்டதாகத் தகவல் இல்லை.

"தாய்மாமன், தாய்மாமன் என்கிறீர்களே" என்று இயக்குநர் ஆரம்பித்தார். "விஞ்ஞானப்படி தாய்மாமன் என்றால் என்ன? அந்தக் குழந்தைக்கும் உங்களுக்கும் பொதுவாக இருப்பது கால் பங்கு மரபணு. வெறும் கால் பங்கு! அதே கால் பங்கு அந்தக் குழந்தையின் அத்தையிடம் இருக்கிறது, பெரியப்பாவிடம் இருக்கிறது. கொண்டைக்கடலையில் ஒரு வரிசை இல்லையென்றால் அதற்குச் சமமான இன்னொரு வரிசையை வைப்போம். செடி ஒரு வார்த்தை கேட்பதில்லை. பெரியப்பா மடியில் உட்கார வைத்துக் குத்துங்கள். கணக்கில் தவறு வராது."

"கணக்கு சரி சார்" என்றார் ஸ்வீட்லின், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஐயா, ஊர்ல கேப்பாங்களே" என்றார் தேவேந்திரன்.

"ஊர் கேட்டால் என் கட்டுரையை அனுப்பி வைக்கிறேன்."

தேவேந்திரன் போனைப் போட்டு, தயங்கித் தயங்கி இதைத் தங்கையிடம் சொன்னார். ஸ்பீக்கர் அழுந்திவிட்டது போலிருக்கிறது, உடன்குடியிலிருந்து வந்த குரல் குழு முழுவதற்கும் கேட்டது.

"கால் பங்கா? எந்த மூதி சொன்னான்? எனக்குப் புள்ள இல்லன்னு மலடிங்கும்போது சபையில எந்திரிச்சு நின்னது எந்தப் பெரியப்பன்? ஏண்ணே, நீ வர முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு. பங்கு பிரிச்சுப் பேசாத!"

போன் அணைந்துவிட்டது. இயக்குநர் முந்திரி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "உணர்ச்சிவசப்படுகிறார்கள். இந்தக் குணம் பிறப்பிலா வளர்ப்பிலா என்று பார்க்க வேண்டும்" என்றார். குழு கலைந்தது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது என்று பெருமாள்ராஜ் வலை வழியாகத் தெரிவித்தார்.

அன்று முழுக்க தேவேந்திரன் வரிசைகளுக்கு நடுவே நின்றார். ஒரு பக்கம் பொதிந்து நிற்கிற காய், ஒரு பக்கம் தங்கையின் குரல். இரண்டில் எதை விட்டாலும் மிச்சக் காலத்துக்குத் தலை நிமிர முடியாது. அவருக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரப்பட்டால் சூழல் மாறும் என்று பெருமாள்ராஜ் பார்த்துக்கொண்டே இருந்ததால் அதையும் அடக்கிக்கொண்டார்.

முகூர்த்த நாள் விடிந்தது. தேவேந்திரன் நொண்டியபடி உள்ளே போனார். கதவு பூட்டப்பட்டது. அன்று பார்த்து நிலையத்தின் மாதாந்திரப் பார்வையும் சேர்ந்துகொண்டதால், இயக்குநரும் ஸ்வீட்லினும் வெளியே நாற்காலியில் இருந்தார்கள். கஞ்சி நேரம் வந்தது. ஆறுமுகத்தாய் கஞ்சித் தூக்கோடு வந்தாள். ஆனால் தனியாக வரவில்லை. அவளுக்குப் பின்னால் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் கையில் சிறு பெட்டியோடு ஒரு பெரியவர்.

"இவுக யாரு?" என்றார் பெருமாள்ராஜ்.

"திட்டுததுக்கு ஒத்தாசை" என்றாள் ஆறுமுகத்தாய். "நீங்கதான தம்பி என் கோவம் கொறைஞ்சி போச்சுன்னு சொன்னீக?"

அதில் நியாயம் இருப்பதாகப் பட்டு, பெருமாள்ராஜ் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே போனதும் அந்த இன்னொருத்தி தலைப்பை எடுத்தாள். தனலட்சுமி! தலைப்புக்குள்ளே அவள் தோளில், மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, பட்டுப்பாவாடை கட்டி முத்துராணி. விடியற்காலையிலேயே கோயிலில் மொட்டையை முடித்துவிட்டு, காதை மட்டும் பாக்கி வைத்துக் காரில் வந்திருந்தார்கள். பெட்டிக்காரர் உடன்குடி ஆசாரி.

"நீ வர முடியாதுல்லா, நாங்க வந்துட்டோம்" என்றாள் தனலட்சுமி. "ஒக்காரு அண்ணே."

தேவேந்திரன் எதையும் யோசிக்கவில்லை. கடலைச் செடிகளுக்கு நடுவே, மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வெளியே இயக்குநர் நாற்காலியோடு எழுந்துவிட்டார். "சூழல்! சூழல் போச்சு! டிராக்டர்!" என்று கத்தினார். பருவம் முழுவதும் படுத்திருந்த டிரைவர் முதல் தடவையாக விழித்து, எங்கே இருக்கிறோம் என்று பார்த்து, வண்டியைக் கிளப்பினார். தனலட்சுமி பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு டிராக்டருக்கு முன்னால் போய் நின்றாள்.

"உழுங்க பாப்போம்" என்றாள்.

டிரைவர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் ஸ்வீட்லினைப் பார்த்தார். ஸ்வீட்லின் புத்தகத்தைப் புரட்டினார்.

"சார், அந்நியர் தவறுதலா உள்ளே வந்தா சூழல் கெட்டதுன்னு அர்த்தம். உழ வேண்டியதுதான். ஆனா நாமளே கதவைத் திறந்து விட்டிருக்கோம். அப்படி விட்டா அது புதுசா ஒரு சோதனைன்னு எடுத்துக்க விதியில் இடம் இருக்கு."

"புதுச் சோதனையா?" இயக்குநரின் முகம் மெல்ல மலர்ந்தது. பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார். "கொண்டைக்கடலை விளைச்சலில் காதுகுத்தின் விளைவு! இதுவரை யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா?"

"உலகத்திலேயே இல்லை சார்."

"வண்டியை நிறுத்து!" என்றார் இயக்குநர். "குத்துங்கள். ஆனால் முறைப்படி குத்த வேண்டும்."

எல்லோரும் உள்ளே வந்தார்கள். தனலட்சுமி பிள்ளையை அண்ணன் மடியில் வைத்தாள். முத்துராணி மாமனின் மீசையைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். ஆசாரி ஊசியை எடுத்தார். தேவேந்திரன் பிள்ளையின் மொட்டைத் தலையைத் தம் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். உடன்குடிக் கருப்பட்டித் துண்டு ஒன்றை அத்தைக்காரி ஆறுமுகத்தாய் பிள்ளையின் வாயில் வைத்தாள். இடது காது, வீல் என்று ஒரு அலறல், வலது காது, இன்னொரு அலறல். முடிந்தது. பிள்ளை அழுதுகொண்டே கருப்பட்டியைச் சப்பியது. தேவேந்திரனுக்கும் கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. அத்தனை மாதம் அடைபட்டிருந்தது எதுவும் அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் இல்லை. தங்கை அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"ரெண்டுதானா?" என்றார் இயக்குநர்.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எந்தச் சோதனையும் குறைந்தது மூன்று முறை செய்யப்பட வேண்டும். இரண்டு முறை செய்ததை எந்த ஆய்விதழும் ஏற்காது. இரண்டு காது குத்தியாயிற்று. மூன்றாவது காது எங்கே?"

தனலட்சுமி பிள்ளையை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "புள்ளைக்கு ரெண்டுதான்யா இருக்கு!"

"அது உங்கள் குடும்பத்தின் குறைபாடு. மூன்றாவது காது கிடைக்கும் வரை சோதனை முடியாது. சோதனை முடியும் வரை யாரும் வெளியே போக முடியாது. பெருமாள்ராஜ், கதவைப் பூட்டு."

கதவு பூட்டப்பட்டது. தேவேந்திரன் பூட்டைப் பார்த்தார். இத்தனை நாளாகத் தான் மட்டும் அடைபட்டிருந்தது போதாதென்று இப்போது ஒரு வயதுகூட முடியாத பிள்ளையும் உள்ளே. தங்கையின் மாமியார் வீட்டுச் சனமெல்லாம் அங்கே பந்திக்குக் காத்திருக்கும்.

"சார்" என்றார் ஸ்வீட்லின், மறுபடியும் பக்கத்தைப் புரட்டிவிட்டு. "ஒரே ஆளோட காதா இருக்கணும்னு விதியில் இல்லை. உள்ளே இருக்கிறவங்களில் குத்தாத காது யாருக்கு இருக்கோ அவங்களைச் சீட்டுக் குலுக்கி எடுக்கலாம்."

காதுகளைப் பரிசோதித்தார்கள். தேவேந்திரனுக்குச் சிறுவயதில் குத்தியது. பெருமாள்ராஜுக்கும் டிரைவருக்கும் தூர்ந்துபோன ஓட்டைகள் இருந்தன. ஸ்வீட்லின் உட்படப் பெண்கள் மூவரும் கம்மல் போட்டிருந்தார்கள். ஆசாரி கடுக்கனே போட்டிருந்தார். குத்தாத காது உள்ள ஒருவர் மட்டும் மிஞ்சினார். விதிப்படி அவர் பெயரை ஒரு சீட்டில் எழுதி, அந்த ஒரே சீட்டைக் கஞ்சித் தூக்கின் மூடியில் போட்டுக் குலுக்கினார்கள். ஸ்வீட்லின் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்.

"முனைவர் அருணாசலம்" என்று வாசித்தார்.

இயக்குநர் சுற்றுமுற்றும் பார்த்தார். சொந்த விதியை மீறுகிற ஆள் அல்ல அவர். அந்த ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

"எங்கள் அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஆண் யாரும் இல்லை" என்றார் தணிந்த குரலில். "மடி இல்லை என்று எனக்குக் குத்தாமலேயே விட்டுவிட்டார்கள்."

"அதான் பெரியப்பா மடி இருக்குல்லாய்யா?" என்றாள் தனலட்சுமி.

இயக்குநர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பேண்டைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டு, பைய வந்து தேவேந்திரன் மடியில் உட்கார்ந்தார். நல்ல கனம். தேவேந்திரன் பல்லைக் கடித்துக்கொண்டு, பழக்கத்தில் அவர் தலையையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஆறுமுகத்தாய் அவர் வாயிலும் ஒரு கருப்பட்டித் துண்டை வைத்தாள். ஆசாரி இடது காதில் ஊசியை இறக்கினார்.

"வலிக்குது மாமா!" என்றார் இயக்குநர்.

முத்துராணி அழுகையை நிறுத்திவிட்டு அவரை வேடிக்கை பார்த்தாள். பெருமாள்ராஜ் பதிவதா வேண்டாமா என்று தெரியாமல் கைக்கணினியோடு நின்றார். ஸ்வீட்லின் தொண்டையைச் செருமினார்.

"சார், ஒரு சிக்கல். ஆய்வுத் தலைவரோட நெருங்கின உறவினர் யாரும் ஆய்வில் பங்கெடுக்கக் கூடாது. பாரபட்சம் வந்துரும்னு விதி. தாய்மாமன் அந்தப் பட்டியல்ல வாராரு."

"ஆனால் மாமன் வெறும் கால் பங்குதானே?" என்றார் இயக்குநர் மடியிலிருந்தபடியே.

"கால் பங்கு போதும் சார்."

இயக்குநர் எழுந்தார். மண்ணைத் தட்டிக்கொண்டார். காதைத் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பிறகு பழைய குரல் திரும்பிவந்தது. "தேவேந்திரன் இந்த நிமிடமே ஆய்விலிருந்து நீக்கப்படுகிறார். அவர் மனைவி எனக்கு அத்தை முறை ஆகிவிட்டபடியால் அவரும் நீக்கப்படுகிறார். கடலை அறுத்ததும் நிலத்துக்காரரிடம் சேர்ப்பிக்கப்படும். கதவைத் திற."

கதவு திறந்தது. தேவேந்திரனுக்கு நம்ப முடியவில்லை. எழுந்து இரண்டு அடி வைத்தார். நொண்டி நொண்டித்தான் கால் போனது. ஆறுமுகத்தாய் அவர் கையைப் பிடித்து, "நேரா நடங்க, இனி யாரும் கேக்க மாட்டாக" என்றாள்.

"ஆனால் சூழல் மாறக் கூடாதே" என்று இயக்குநர் தொடர்ந்தார். "அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்தப் பருவம் முழுவதும் தேவேந்திரன் கூடவே, தேவேந்திரன் நடந்த தடத்திலேயே, ஒருநாள்கூட மாறாமல் நின்ற ஒருவர் நம்மிடையே இருக்கிறார்." எல்லோரும் திரும்பினார்கள். பெருமாள்ராஜ் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை.

குடையும் கைக்கணினியும் வாங்கிக்கொள்ளப்பட்டன. பச்சைக் கட்டச் சாரம் ஒன்று, பிளேடால் கிழித்தது, அவர் கையில் கொடுக்கப்பட்டது. தினமும் வந்து திட்டுவதற்குத் தகுதியான ஆள் கேட்டு விரைவில் விளம்பரம் வரும் என்று ஸ்வீட்லின் சொன்னார். ஜீப் கிளம்பியது. டிரைவர் மறுபடி டிராக்டருக்கு அடியில் துண்டை விரித்தார்.

உடன்குடிக்குப் போகிற காரில் ஏறி உட்கார்ந்த தேவேந்திரனைக் கம்பிவலைக்கு உள்ளிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. பெருமாள்ராஜ் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, இடது காலை நொண்டிக்கொண்டு வலையோரம் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, மாசி பதினஞ்சுல எங்க அக்கா மவனுக்குக் காதுகுத்து. நாந்தான் தாய்மாமன். இப்ப நான் என்ன செய்ய?"

அந்தப் பையனைப் பார்க்க தேவேந்திரனுக்குப் பாவமாக இருந்தது. மடியில் முத்துராணியைச் சரியாக உட்கார வைத்துக்கொண்டு காருக்குள் இருந்தபடியே சொன்னார்:

"கவலப்படாதீரும்வே. அக்காவ இங்கனயே வரச் சொல்லும். உம்ம ஆபீசருக்கு இன்னொரு காது பாக்கி இருக்கு."